தோசைக்கல்லும் வங்கக் கடலும்

“மிஸ், இதுல எது தண்ணி, எது தரை?”

வங்காள விரிகுடாவின் தொடு வரைபடம் என்று நான் நம்பிக்கொண்டிருந்த ஓர் அட்டையின் மேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்தபடி, பார்வையற்ற ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்ட கேள்வி இது. அந்த அட்டையைச் செய்ய எனக்கு மூன்று மாலைப்பொழுதுகள் ஆகியிருந்தன. பாடநூலில் இருந்த படத்தைப் பெரிதாக்கி நகலெடுத்து, கடற்கரைக் கோட்டின் மேல் சணலை ஒட்டி, நீரோட்டங்களுக்குத் தையல் நூலும் அட்சக்கோடுகளுக்கு மெல்லிய கம்பியும் வைத்து, ஆழம் மிகுந்த பகுதிகளில் உப்புத்தாளை வெட்டிப் பதித்திருந்தேன். வீட்டில் எல்லோரும் பாராட்டினார்கள். கண்ணால் பார்த்தவர்களின் பாராட்டையே அதற்குரிய சான்றிதழாக எடுத்துக்கொண்டது என் பிழை.

அந்த மாணவன் கன்னியாகுமரியில் தொடங்கி, சணலைப் பிடித்துக்கொண்டு சரியாகத்தான் வடக்கே ஏறியிருக்கிறான். சென்னைக்கு அருகே சணலும், நீரோட்டத்தின் நூலும், பதின்மூன்றாம் அட்சக்கோட்டின் கம்பியும் அரை சென்டிமீட்டருக்குள் நெருங்கிவிடுகின்றன. அங்கே விரல் சணலிலிருந்து நூலுக்குத் தாவிவிட்டது. அதன் பிறகு அவன் நடுக்கடலுக்குள் போய்க்கொண்டே, ஆந்திரக் கரையைத் தடவிக்கொண்டிருப்பதாக நினைத்திருக்கிறான். கண் முழுப் படத்தையும் ஒரே வீச்சில் வாங்கிக்கொண்டு பிறகு பகுதிகளுக்குப் போகிறது. கையோ பகுதி பகுதியாகத் தடவிச் சேர்த்துத்தான் முழுமைக்கு வர வேண்டும். ஏறத்தாழ 2 மில்லிமீட்டருக்குக் குறைவான இடைவெளியில் இருக்கும் இரு புள்ளிகளை விரல்நுனியால் தனித்தனியே உணர்வது கடினம். பிரெயில் எழுத்தில் புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே இரண்டரை மில்லிமீட்டர் விட்டிருப்பது தற்செயலன்று. இவையெல்லாம் எனக்குப் படித்துத் தெரிந்தவைதாம். ஆனாலும், ஒரே அட்டையில் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசிரியப் பேராசை என்னை விடவில்லை.

நான் ஒரு பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறவள். சில ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளில், பார்வையற்ற மாணவர்கள் தங்கிப் படிக்கும் ஒரு பள்ளிக்குப் போய்ப் பாடங்களை வாசித்துக் காட்டுகிறேன். தேர்வுக் காலத்தில் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதித் தருகிறேன். கடல் என் பாடமன்று. ஒரு புவியியல் தேர்வில் எனக்கு விடை சொன்ன மாணவி, கரையை ஒட்டி நீருக்கடியில் நீளும் ஆழம் குறைந்த தரையான கண்டத்திட்டுக்கு ஒரு சொல் பிசகாமல் இலக்கணம் சொன்னாள். முழு மதிப்பெண் நிச்சயம் என்று நினைத்துக்கொண்டே எழுதினேன். தேர்வு முடிந்து நடைக்கு வந்ததும் அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “மிஸ், கண்டத்திட்டுன்னா திட்டு மாதிரி தண்ணிக்கு மேல தெரியுமா?” ஆற்றில் திட்டு என்றால் தண்ணீருக்கு மேலே தெரிவதுதான், அவள் கேட்டதில் தவறே இல்லை. அவளுக்குச் சொல் மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது, பொருள் போகவில்லை. படம் வரைதல், நிலப்படம் குறித்தல் போன்றவற்றுக்குப் பதிலாகப் பார்வையற்ற மாணவர்களுக்கு மாற்று வினா கொடுப்பது தேவையான சலுகை; அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தேர்வில் கேட்கப்படாத படத்தை வகுப்பில் விளக்க வேண்டியதும் இல்லை என்று அந்தச் சலுகையை நாம் சௌகரியமாக விரித்துக்கொண்டோம். கடல் பாடம் முழுவதும் இப்படித்தான் இலக்கணங்களின் மூட்டையாகச் சுருங்கிப் போயிருக்கிறது.

அதற்குப் பிறகுதான் கடலறிவியலைக் கொஞ்சம் முறையாகப் படிக்க உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க ஒன்று உறைத்தது: கடலை ஆராய்கிறவர்கள் அதைப் பார்த்து ஆராய்வதில்லை. 200 மீட்டருக்குக் கீழே சூரிய ஒளி மிகச் சொற்பம். 1,000 மீட்டருக்குக் கீழே அறவே இல்லை. பாடநூலில் நீலமும் கருநீலமுமாக அச்சிட்டிருக்கும் கடலடிப் படம் எவரும் கண்ட காட்சியன்று. கப்பலிலிருந்து அனுப்பிய ஒலி தரையில் பட்டுத் திரும்பிவர எத்தனை நொடி ஆயிற்று என்ற கணக்குகளின் மேல் பின்னால் பூசிய வண்ணம் அது. அந்தக் கணக்கும் இன்னும் முடியவில்லை. 2024 வரை உலகக் கடலடியில் 26 விழுக்காட்டுப் பரப்பே நவீன முறையில் அளக்கப்பட்டிருந்தது.

ஒலிக்கருவிக்கு முந்தைய காலத்தில் ஆழம் பார்த்த விதம் எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. கயிற்றின் நுனியில் ஈயக்குண்டைக் கட்டி இறக்குவார்கள். ஐரோப்பியப் பாய்மரக் கப்பல்களில் அந்தக் கயிற்றில் ஆழத்துக்கு ஏற்ப அடையாளங்கள் கட்டியிருக்கும்: இரண்டு பாகத்தில் (பாகம் என்பது விரித்த இரு கைகளின் நீளம்) இரண்டு தோல்வார், மூன்றில் மூன்று தோல்வார், ஐந்தில் வெள்ளைப் பருத்தித்துணி, ஏழில் சிவப்புக் கம்பளித்துணி, பத்தில் ஓட்டை போட்ட தோல். நிறம் வேறுபட்டால் போதாதா, துணியின் வகையும் ஏன் வேறுபட வேண்டும்? இரவில் நிறம் தெரியாது. கையால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். குண்டின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் கொழுப்பை அப்பி இறக்கினால் தரையிலுள்ள மணலோ சேறோ கிளிஞ்சல் தூளோ ஒட்டிக்கொண்டு வரும். 1875 மார்ச்சில் பிரிட்டனின் சேலஞ்சர் ஆய்வுக் கப்பல் பசிபிக் கடலின் மரியானா அகழிக்கு மேலே நின்று 4,475 பாகம் ஆழம் கண்டதும் கயிற்றை விட்டுத்தான். அவ்வளவு நீளக் கயிற்றில் குண்டு தரை தொட்டது எப்படித் தெரியும்? ஒவ்வொரு நூறு பாகமும் ஓட எவ்வளவு நேரமாகிறது என்று எண்ணிக்கொண்டே வருவார்கள். அந்த நேரம் சட்டென்று நீண்டால் தரை வந்துவிட்டது என்று பொருள். பாகம் என்ற அளவை நம் கடற்கரை மீனவர்கள் இன்றும் புழங்குகிறார்கள். இரு கைகளையும் விரித்தால் ஒரு பாகம். அளவுகோல் உடம்போடு கூடவே இருக்கிறது.

இதைப் படித்த மறுவாரம் கொத்தனாரிடம் இருந்து ஒரு தூக்குக்குண்டை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். பள்ளியின் இரண்டாம் மாடி நடையிலிருந்து முற்றத்துக்கு இறக்கினால் நாலு பாகம் வரும். கீழே மூன்று வாளிகளை வைத்து, ஒன்றில் ஆற்று மணல், ஒன்றில் களிமண் சேறு, ஒன்றில் உடைத்த கிளிஞ்சல் என்று நிரப்பி, எது எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டேன். குண்டின் அடியில் வண்டிக்குப் போடும் கிரீஸ். மாணவர்கள் இறக்கினார்கள், கயிறு தளர்ந்ததும் நிறுத்தினார்கள், கையை விரித்து விரித்து மேலே இழுத்தார்கள், குண்டின் அடியைத் தடவினார்கள். “சேறு, மிஸ். நாலரை பாகம்.” “இல்ல, இங்க நாலே கால்தான்.” ஒருவன் உயரமானவன், ஒருத்தி சின்னப் பெண், ஆகவே பாகமும் வேறு வேறு. அளவுக்குப் பொது அலகு ஏன் வேண்டும் என்று நான் தனியாக ஒரு பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை, அவர்களே சண்டை போட்டுக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தார்கள். சீருடையில் பட்ட கிரீஸுக்காக விடுதிக் காப்பாளரிடம் நான் வாங்கிய திட்டு தனிக் கதை.

அடுத்தது கடலடியின் வடிவம். அட்டைகளை அடுக்கடுக்காக ஒட்டி, கரையிலிருந்து கண்டத்திட்டு, கண்டச்சரிவு, ஆழ்கடல் சமவெளி என்று இறங்கும் ஒரு மாதிரியை ஏற்கெனவே செய்து வைத்திருந்தேன். அதைத் தடவிப் பார்த்த ஒரு மாணவி, இவ்வளவு செங்குத்தாக இருந்தால் மண்ணெல்லாம் சரிந்துவிடாதா என்றாள். நல்ல கேள்வி. எல்லாப் பாடநூல்களையும் போல நானும் ஆழத்தை இருபது மடங்கு பெருக்கிக் காட்டியிருந்தேன். படத்தைப் பார்க்கிறவர்கள் ஓரத்தில் சின்ன எழுத்தில் உள்ள குறிப்பைப் படித்துவிட்டு மனத்தில் திருத்திக்கொள்ளலாம். பெரும்பாலும் அவர்களும் திருத்திக்கொள்வதில்லை. கையால் அறிகிறவர்கள் கை சொன்னதையே நம்புவார்கள், நம்பவும் வேண்டும்.

ஆகவே பெருக்காமல் ஒன்று செய்து பார்ப்பது என்று முடிவு செய்தோம். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர். அதாவது எங்கள் மேசையில் ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இடையில் கடலின் ஆழம் மூன்று கிலோமீட்டர் சொச்சம். அதாவது 3 மில்லிமீட்டர். ஒட்டுப்பலகையில் 3 மில்லிமீட்டர் செதுக்கிக் கொண்டுவந்த வங்காள விரிகுடாவை மாணவர்கள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவினார்கள். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு ஒருவன் சொன்னான்: “இது கடலா மிஸ்? எங்க வீட்டுத் தோசைக்கல்லு இதைவிடக் குழியா இருக்கும்.” உண்மைதான். கடல் அவ்வளவு அகலமானது, அவ்வளவு மெல்லியது. பார்வையுள்ள என் மாணவிகள் யாருக்கும், எனக்கும்கூட, அதுவரை அது தெரிந்திருக்கவில்லை.

சரிவுக்கும் ஒரு வழி கிடைத்தது. உலகக் கடல்களில் கண்டச்சரிவின் சாய்வு சராசரியாக நான்கு பாகை அளவில் இருக்கும். பள்ளி வாசலில் சக்கர நாற்காலிக்காகக் கட்டியிருக்கும் சாய்தளம் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் கட்டியது. அது ஐந்து பாகைக்குச் சற்றுக் குறைவு. ஆக, எல்லோரும் தினமும் ஏறி இறங்கும் அந்தச் சாய்தளத்தைவிடச் சற்று மட்டமானதுதான் பாடநூலில் பாறைமுகடு போல் விழும் கண்டச்சரிவு. கண்டத்திட்டோ, மொட்டைமாடியில் மழைநீர் வடியக் கொத்தனார் கொடுக்கும் வாட்டத்தைவிடக் குறைவாகச் சாய்ந்திருக்கும். ஒரு சனிக்கிழமை முழுவதும் சாய்தளத்தில் கடலுக்குள் இறங்குவதும் கரையேறுவதுமாகக் கழிந்தது. திட்டு தண்ணீருக்கு மேலே தெரியுமா என்று கேட்ட மாணவி நாலைந்து முறை இறங்கிப் பார்த்துவிட்டு, “அப்ப இது திட்டே இல்ல, வெறும் திண்ணை” என்று தீர்ப்புச் சொன்னாள். பாடநூல் குழுவினர் கவனிக்கலாம்.

கிளிஞ்சல்களுக்கு இவ்வளவு பாடுபட வேண்டியிருக்கவில்லை. அவை தம்மைத் தாமே விளக்கிக்கொள்கின்றன. கடற்கரையில் பொறுக்கிய மட்டி ஓடுகளை ஒரு பை நிறையக் கொண்டுபோய்க் கொட்டினேன். வரிவரியானவை, வழவழப்பானவை, தடித்தவை, மெல்லியவை என்று அவர்களே பிரித்துக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவி ஓர் ஓட்டை என்னிடம் நீட்டி, “இதை யாரோ மாலை கோக்க ஓட்டை போட்டிருக்காங்க” என்றாள். ஓட்டின் கொண்டைக்கு அருகே வட்டமாக ஒரு துளை. ஊசியால் குத்தினது போல அல்ல, மரத்தில் திருகாணியின் தலை உள்ளே அமர இழைத்துவிடுவார்களே, அதுபோல வெளிவிளிம்பு அகன்று உள்ளே குறுகும் துளை. நான் அந்த ஓட்டைப் பொறுக்கியிருக்கிறேன், கழுவியிருக்கிறேன், உலர்த்தியிருக்கிறேன், துளையைக் கவனிக்கவில்லை. அது மனிதர் போட்டதன்று. மணலுக்குள் ஊர்ந்து திரியும் உருண்டையான ஒரு வகை நத்தை, மட்டியைப் பிடித்து அணைத்துக்கொண்டு, அமிலத்தைக் கசியவிட்டும் அரம் போன்ற நாக்கால் சுரண்டியும் பல மணி நேரம் துளைத்து உள்ளிருக்கும் சதையைத் தின்னும். முள்சங்கு இனத்தவை போடும் துளை பொதுவாகச் சுவர் நேராக இறங்கும். கொலை செய்தது யார் என்பதை விரல்நுனியால் துப்பறியலாம் என்று தெரிந்தவுடன் பை முழுவதும் சோதனைக்கு உள்ளாயிற்று.

இந்த வித்தையை வாழ்நாள் ஆராய்ச்சியாகவே செய்தவர் ஒருவர் இருக்கிறார். கீராட் வெர்மே 1946இல் நெதர்லாந்தில் பிறந்தவர். மூன்று வயதில் பார்வையை முழுமையாக இழந்தவர். சிறுவயதில் குடும்பத்தோடு அமெரிக்கா போனவர். அங்கே நான்காம் வகுப்பில் அவருடைய ஆசிரியை, புளோரிடாவிலிருந்து கொண்டுவந்த சிப்பி சங்குகளை வகுப்பறைச் சன்னலோரம் வைத்திருந்தாராம். தான் அறிந்திருந்த நெதர்லாந்துக் கடற்கரையின் சுண்ணாம்புக்கட்டி போன்ற கிளிஞ்சல்களுக்கும், புளோரிடாவின் வெதுவெதுப்பான கடலில் விளைந்த இந்த நுணுக்கமான வேலைப்பாட்டுக்கும் ஏன் இவ்வளவு வேறுபாடு என்று அந்தச் சிறுவனின் கை கேட்ட கேள்விதான் பின்னாளில் அவருடைய ஆய்வாக விரிந்தது. ஓடுகளின் தடிப்பு, குறுகிய வாய், உடைந்து மீண்டும் ஒட்டி வளர்ந்த தழும்பு ஆகியவற்றை விரலால் படித்து, நண்டு போன்ற வேட்டையாடிகளுக்கும் ஓடுடைய உயிர்களுக்கும் இடையே கோடிக்கணக்கான ஆண்டுகளாக நடக்கும் படைக்கலப் போட்டியைப் பற்றி 1977இல் அவர் எழுதிய கட்டுரை தொல்லுயிரியலில் இன்றும் பேசப்படுகிறது. அவர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பேராசிரியரானவர். நான் அவரைப் பற்றிச் சொன்னபோது மாணவர்கள் கேட்டது ஒன்றுதான்: “அந்த மிஸ் தொட விட்டாங்களா?” விட்டார். கண்ணாடிப் பேழைக்குள் பூட்டிவைக்காத ஆசிரியை அமைந்தது அவருடைய நல்லூழ். நம் அருங்காட்சியகங்களில் “தொடாதீர்கள்” என்ற பலகைதான் முதலில் வரவேற்கிறது.

கையில் எடுக்க முடிந்தவற்றின் கதை இது. வெப்பம், உப்பு, நீரோட்டம் போன்றவற்றை எந்தப் பையிலும் அள்ளிக்கொண்டு வர முடியாது. இவற்றைப் பற்றி இணையத்தில் தமிழில் உள்ள பாடங்கள் பெரும்பாலும் பி.டி.எஃப் கோப்புகள், பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவை என்றால், திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பான் அவற்றை வாசிக்கும் அழகைக் கேட்கவே முடியாது, எந்த மொழியிலும் சேராத ஓசைக் குவியலாக இருக்கும். யூனிகோடில் இருந்தாலும் படம் வரும் இடத்தில் “படம் 3.4” என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகும். அதே வேளையில், அந்தப் படத்துக்கு மூலமான எண்கள் இலவசமாகக் கிடைக்கின்றன என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. ஆர்கோ என்ற பன்னாட்டுத் திட்டத்தில் ஏறத்தாழ 4,000 மிதவைகள் உலகக் கடல்களில் உலவுகின்றன. ஒவ்வொன்றும் 1,000 மீட்டர் ஆழத்தில் மிதந்துவிட்டு, பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, வெப்பத்தையும், நீரின் உப்பளவான உவர்ப்பியத்தையும் அளந்துகொண்டே மேலே வந்து, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும். இந்தியாவில் இந்தத் தரவுகளைப் பேணுவது ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் சேவை நிறுவனம். எண்களின் பட்டியலைத் திரைவாசிப்பான் தடங்கலின்றி வாசிக்கும். வரைகலைதான் கண்ணுக்கானது, தரவு எல்லோருக்குமானது.

ஆனால் இருபத்தொரு எண்களை வரிசையாகக் கேட்டு ஒரு வளைவை மனத்தில் வரைவது யாருக்கும் எளிதன்று. அந்தப் பள்ளியின் இசை ஆசிரியர், தாமும் பார்வையற்றவர், அறையின் மூலையில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர், “ஒரு டிகிரிக்கு ஒரு கட்டை வச்சா என்ன மேடம்?” என்றார். ஆர்மோனியம் வந்தது. கறுப்பு வெள்ளை பாராமல், ஒரு பாகை வெப்பம் குறைந்தால் அடுத்த கட்டைக்கு இறங்குவது என்று விதி. தென்வங்கக் கடலின் ஒரு மிதவை தந்த எண்களை முழு எண்ணாக்கிக்கொண்டோம்: மேற்பரப்பில் 29, 50 மீட்டரில் 28, 100இல் 24, 150இல் 19, 200இல் 15, பிறகு 13, 12, 11 என்று மெதுவாகத் தேய்ந்து 1,000 மீட்டரில் 7. இருபத்திரண்டு கட்டை, இரண்டு ஸ்தாயிக்குள் வங்கக் கடல் அடங்கிவிட்டது. வாசித்துவிட்டு ஆசிரியர் சொன்னார்: “இது எந்த ராகத்துலயும் சேராது.”

முதல் முறை அது பயன்படவில்லை. சுருதி இறங்குவதைக் கேட்ட மாணவர்கள், ஆழத்துக்கு இறங்குகிறோம் என்று புரிந்துகொண்டார்கள். வெப்பம் என்ற எண்ணமே அவர்களுக்கு வரவில்லை. கீழே போவதற்கும் சுருதி கீழே போவதற்கும் தமிழில் ஒரே சொல்தான், மனத்திலும் ஒரே திசைதான். ஒரே ஓசையில் இரண்டு அளவுகளை ஏற்றியது மறுபடியும் என் சணல் நூல் பிழையேதான். இந்த முறை திருத்தம் உடனே கிடைத்தது: ஆழத்தைத் தாளத்துக்குக் கொடுத்தோம். தொடையில் ஒரு தட்டு என்றால் 50 மீட்டர். கட்டை என்றால் வெப்பம் மட்டும். இப்போது ஒன்று, இரண்டு என்று தட்டிக்கொண்டே போகையில், இரண்டாம் தட்டுக்கும் ஐந்தாம் தட்டுக்கும் இடையே சுரங்கள் நான்கும் ஐந்துமாகப் படி தாவி விழுந்தன. பத்தாம் தட்டுக்குப் பிறகு தட்டு போய்க்கொண்டே இருக்கிறது, சுரம் ஏறத்தாழ நின்றுவிடுகிறது. “மிஸ், மேல கொஞ்ச தூரத்துலயே சூடெல்லாம் தீந்துடுது. அதுக்குக் கீழ முழுக்க ஒரே குளிர்தான்,” என்றான் தண்ணீருக்கும் தரைக்கும் வேறுபாடு கேட்ட அதே மாணவன். வெப்பச்சரிவு அடுக்கு என்ற சொல்லை அதற்குப் பிறகுதான் சொன்னேன்.

தரவை ஓசையாக மாற்றுவது எங்கள் கண்டுபிடிப்பன்று. அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தில் ஏமி பவர் என்ற மூத்த அறிவியலாளர் இருக்கிறார். ஆய்வு மாணவியாக இருந்த காலத்திலேயே பார்வை குறையத் தொடங்கியவர். அவர் ஓரெகன் பல்கலைக்கழகத்தினரோடும் ஜார்ஜியா டெக் நிறுவனத்தினரோடும் சேர்ந்து, கடல் தரவுகளை ஓசை வடிவில் அருங்காட்சியகங்களுக்குக் கொண்டுசெல்லும் பணியில் ஈடுபட்டிருக்கிறார். அவர்கள் எடுத்துக்கொண்டவற்றுள் ஒன்று 2017 ஆகஸ்ட் 21 சூரிய கிரகணம். கடலின் நுண்ணிய விலங்கு மிதவை உயிரிகள் இரவில் மேலே வந்து மேய்ந்துவிட்டுப் பகலில் ஆழத்துக்கு இறங்கிவிடும். அன்று ஓரெகன் கரைக்கு அப்பால் பட்டப்பகலில் வானம் இருண்டதும், இரவு வந்துவிட்டதென்று அவை ஏமாந்து மேலே ஏறத் தொடங்கின. அதைக் கண்டது எந்தக் கண்ணும் அல்ல, ஒலியை அனுப்பி எதிரொலி கேட்கும் கருவி. ஒலியாக வந்ததைப் படமாக்கினார்கள். அந்தப் படத்தைப் பார்க்க முடியாதவர்களுக்காக அதை மறுபடி ஒலியாக்க வேண்டியிருக்கிறது. நடுவில் படம் என்ற ஒன்று வந்ததால்தான் இவ்வளவு சுற்று. அவர்களுடைய முறையில் எனக்குப் பிடித்தது, ஓசைக்கு முன்னால் இன்னது இன்னதைக் குறிக்கும் என்று பேச்சில் விளக்கம் தருவது. வெறும் ஓசை எதையும் சொல்லாது. எங்கள் ஆர்மோனியம் அதை எங்களுக்குக் கற்றுத் தந்திருந்தது.

பவரின் சொந்த ஆய்வும் கேட்பதைச் சார்ந்ததே. கடலுக்குள் நங்கூரமிட்ட ஒலிக்கருவிகள் குறித்த நேரங்களில் 80 நொடி நீளமுள்ள ஓர் ஓசையை எழுப்பும். ஆழத்தில் மிதந்து செல்லும் மிதவைகள் அதைக் கேட்டு, வந்து சேர்ந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளும். நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் போகிறது. ஆகவே 1,000 கிலோமீட்டர் கடக்கப் பதினோரு நிமிடம். இரண்டு மூன்று ஒலிக்கருவிகளிலிருந்து எவ்வளவு தாமதம் என்று தெரிந்தால் மிதவை இருந்த இடம் தெரிந்துவிடும். இத்தகைய மிதவைகளைக் கொண்டு, கனடாவுக்கும் கிரீன்லாந்துக்கும் இடையிலுள்ள லாப்ரடார் கடலின் குளிர்ந்த நீர் அமெரிக்கக் கரையை ஒட்டிய ஆழ்நீரோட்டத்திலேயே தெற்கே போகிறது என்ற பழைய எண்ணத்தை, அவரும் சூசன் லோசியர் என்ற கடலறிவியலாளரும் 2009இல் கேள்விக்கு உட்படுத்தினார்கள். அவர்களுடைய மிதவைகளில் 8 விழுக்காடுதான் அந்தப் பாதையில் போயின, மற்றவை பெரும்பாலும் நடுக்கடலுக்குள் திரிந்துவிட்டன. மிதவைகள் கேட்கும் அந்த ஓசையின் அதிர்வெண் ஏறத்தாழ 260 ஹெர்ட்ஸ். இதை நான் வாசித்துச் சொன்னதும் இசை ஆசிரியர் ஆர்மோனியத்தின் நடு ஸ்தாயியில் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தார். அந்தக் கட்டையின் அதிர்வெண் 261 சொச்சம். “இதுவா மேடம்? ஒரு கட்டை சுருதி!” எண்பது நொடியும் துருத்தியை விடாமல் அவர் இழுத்துக்கொண்டிருக்க, ஒரு வகுப்பே மூச்சுவிடாமல் மிதவையாக உட்கார்ந்திருந்தது.

சென்ற சனிக்கிழமை வேறொரு மிதவையின் எண்களை எடுத்துப் போனேன். வடவங்கக் கடல், சனவரி மாதம். மேற்பரப்பில் 25, 50 மீட்டரில் 27, 100இல் 24. நான் அதை முன்கூட்டிச் சொல்லவில்லை. நேர்மையாகச் சொன்னால், நானே அதைக் கவனித்திருக்கவில்லை. எண்களை அப்படியே இசை ஆசிரியருக்கு வாசித்தேன், அவர் அப்படியே அழுத்தினார். முதல் தட்டு, இரண்டாம் தட்டு, உடனே முன்வரிசையிலிருந்து துளை கண்டுபிடித்த மாணவியின் குரல்: “சார், தப்பு. மேல ஏறிடுச்சு.”

ஆசிரியர் தப்பு செய்யவில்லை. மறுபடி வாசித்தார், மறுபடியும் இரண்டு கட்டை ஏறிப் பிறகு இறங்கியது. குளிர்ந்த நீர் கனமானது, அது கீழேதான் போகும் என்று போன மாதம் நான்தான் அவர்களுக்குச் சொல்லியிருந்தேன். இங்கே குளிர்ந்தது மேலேயும் வெதுவெதுப்பானது கீழேயும் இருக்கிறது. “அப்ப மேல இருக்கிறது எப்படி மூழ்காம நிக்குது?” என்று கேட்டாள். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி போன்ற ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் நன்னீர் வடவங்கக் கடலின் மேல் மெல்லிய போர்வையாகப் படர்ந்திருக்கிறது. பனிக்காலத்தில் அது குளிர்ந்தாலும் உப்புக் குறைவாக இருப்பதால் கனம் போதாமல் மேலேயே மிதக்கிறது என்று, நானே அப்போது கைப்பேசியில் தேடிப் படித்துப் படித்துச் சொன்னேன்.

“உப்பையும் வாசிச்சுக் காட்டுங்க, அப்பத்தான் நம்புவேன்” என்றாள். நியாயம்தான். உவர்ப்பியம் முப்பத்திரண்டிலிருந்து முப்பத்தைந்துக்குள் ஊசலாடும் எண். கட்டைக்கு ஒன்று என்று வைத்தால் மூன்றே கட்டை, காதுக்கு எதுவும் தெரியாது. ஆர்மோனியத்திலேயே இரண்டையும் சேர்த்து வாசித்தால் குழம்பும் என்கிறார் ஆசிரியர். மிருதங்கம் படிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான், அவனைக் கேட்கலாம் என்கிறார். வருகிற சனிக்கிழமைக்குள் நான் எண்களைப் பத்தால் பெருக்கி எழுதிக்கொண்டு போக வேண்டும்.